ஒரே ஒரு பீப்பாய்

"மதுவைப் பற்றி எழுத உனக்குத் தமிழ்க் கழக ஆண்டிதழ்தானா கிடைத்தது?" என்று நண்பர்கள் கேட்கலாம். நான் எழுத வந்தது குடியைப் பற்றியல்ல. மது ஆலை நடத்திய ஓர் அண்ணன் தம்பியைப் பற்றி.

வணிகப் பாட இடுபணிக்காகத்தான் மொண்டாவி குடும்பத்தின் கதையைப் படித்தேன். இத்தாலியிலிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்கச் சென்றவர் சேசரே மொண்டாவி. 1943-இல் கலிபோர்னியாவின் நாப்பா பள்ளத்தாக்கில் 'சார்ல்ஸ் குரூக்' என்ற பழைய திராட்சை மது ஆலையை அவர் குடும்பம் வாங்கியது. மூத்த மகன் ராபர்ட் விற்பனையைக் கவனித்தார். இளையவர் பீட்டர் தயாரிப்பைக் கவனித்தார். 1959-இல் தந்தை மறைந்தார். ராபர்ட் வெள்ளை மாளிகை விருந்துக்காகத் தம் மனைவிக்கு வாங்கிய விலையுயர்ந்த மேலங்கியைப் பற்றிய பேச்சு, 1965-இல் கைகலப்பாக வெடித்தது. தாய் ரோசா தம்பியின் பக்கம் நின்றார். அண்ணன் வெளியேற்றப்பட்டார்.

ஐம்பது வயதைத் தாண்டிய ராபர்ட் 1966-இல் சொந்த ஆலை தொடங்கினார். அது உலகப் புகழ் பெற்றது. 1993-இல் பங்குச் சந்தைக்குப் போனது. 2004-இல் நூறு கோடி டாலருக்கு மேல் விலைபோய்க் குடும்பத்தின் கையை விட்டே சென்றது. தம்பியின் ஆலை அவ்வளவு வளரவில்லை. ஆனால் 2016-இல் 101 வயதில் அவர் மறைந்தபோதும் அது குடும்பத்திடமே இருந்தது.

'சண்டை வந்ததால்தானே ராபர்ட் உயர்ந்தார்?' என்று வகுப்பில் பலர் வாதிட்டனர். என்னால் ஏற்க முடியவில்லை. 2005-இல், தொண்ணூறு வயதைக் கடந்த அந்த இருவரும் இரு குடும்பத் தோட்டங்களின் பழங்களைக் கலந்து ஒரே ஒரு பீப்பாய் மது செய்தார்கள். 'மீண்டும் ஒருமுறை' என்று இத்தாலிய மொழியில் பெயரிட்டார்கள். ஏலத்தில் அது நான்கு லட்சம் டாலருக்கு மேல் போனது. நாற்பது ஆண்டுப் பிரிவுக்கு ஒரு பீப்பாய்!

எங்கள் தாத்தா தொடங்கிய மளிகைக் கடையும் இன்று இரண்டு கடைகள். ஒரு வேன் வாங்குவதில் தொடங்கிய பேச்சு. எட்டு ஆண்டுகளாக அப்பாவும் பெரியப்பாவும் பேசுவதில்லை. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். அது உண்மையென்றால், யாருக்கு எவ்வளவு பங்கு, யார் சொல் முடிவு என்பதை உறவு நன்றாக இருக்கும்போதே எழுதி வைப்பதில் என்ன தவறு? அது நம்பிக்கையின்மை அல்ல. உறவுக்குப் போடும் வேலி.

இந்தத் தீபாவளிக்குப் பெரியப்பா வீட்டுக்கு நான் போகப்போகிறேன். தொண்ணூறு வயது வரை காத்திருக்க எனக்குப் பொறுமையில்லை.