இலவசமாய்க் கொடுத்தவர் விலையை உயர்த்தலாமா?

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டில் ஒரு பெரிய வழக்கு நடந்தது. வாதி என் அண்ணன். பிரதிவாதி, முகம் தெரியாத ஒரு சிறிய வீடியோ கேம் குழு. நீதிபதி அப்பா. நானோ வெறும் பார்வையாளர்!

அண்ணன் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறான். பேருந்துக் காசிலும் தின்பண்டக் காசிலும் மிச்சம் பிடித்து, நான்கு மாதங்களாக ஒரு விளையாட்டை வாங்கப் பணம் சேர்த்தான். கணக்காகச் சேர்ந்த அன்று கணினியைத் திறந்தால், விலை பழையதைப் போல ஒன்றரை மடங்காகி இருந்தது. கீழே ஓர் அறிவிப்பு: "புதிய பகுதிகள் இலவசமாகச் சேர்க்கப்பட்டுள்ளன."

"இலவசமாம்! அந்த இலவசத்துக்குத்தான் நான் பணம் கட்ட வேண்டுமாம்!" என்று அண்ணன் கொதித்தான். "வியாபாரி எவன்தான் சும்மா கொடுப்பான்?" என்று அப்பா சிரித்தபடியே தீர்ப்பளித்துவிட்டார். அன்று நானும் அண்ணன் கட்சிதான். ஆனால் பிறகு இதைப் பற்றித் தேடிப் படிக்கப் படிக்க என் எண்ணம் மாறியது. அந்த மாற்றத்தையே இங்கு உங்கள் முன் வைக்கிறேன்.

வீடியோ கேம் என்றாலே பெற்றோர்களும் அருட்சகோதரிகளும் முகம் சுளிப்பது எனக்குத் தெரியும். படிப்பைக் கெடுக்கும் அளவுக்கு விளையாடுவது தவறு என்பதில் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் இக்கட்டுரை விளையாடுவதைப் பற்றியது அன்று. ஒரு பொருளுக்கு எது நியாய விலை என்பதைப் பற்றியது. அந்தக் கேள்வி எல்லோருக்கும் பொதுவானதன்றோ?

பெரிய நிறுவனங்கள் நூற்றுக்கணக்கானவர்களை வைத்து விளையாட்டுகளைத் தயாரிக்கின்றன. அவற்றின் தயவின்றி, ஒருவரோ ஐந்தாறு பேரோ தாங்களாகவே சேர்ந்து செய்யும் விளையாட்டை 'இண்டி கேம்' என்கிறார்கள். இவர்களில் பலர் விற்பனைக்கு வந்த பின்னும் வேலையை நிறுத்துவதில்லை. புதிய கதைகள், புதிய ஊர்கள், புதிய பாத்திரங்கள் என்று ஆண்டுக்கணக்கில் சேர்த்துக்கொண்டே போகிறார்கள். முன்பே வாங்கியவர்களுக்கு அவை தாமாகவே வந்து சேருகின்றன. ஒரு காசும் கேட்பதில்லை.

இதை ஒரு புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 'திருத்திய, விரிவாக்கப்பட்ட இரண்டாம் பதிப்பு' என்று போட்டு, நூறு பக்கம் கூட்டி, விலையையும் கூட்டிப் பதிப்பாளர் வெளியிடுகிறார். யாரும் சண்டைக்குப் போவதில்லை. முதற்பதிப்பை வாங்கியவர் வீட்டுக் கதவைத் தட்டி, "இதோ, உங்களுக்குரிய புதிய பக்கங்கள்" என்று அவர் கொடுத்துவிட்டுப் போவதுண்டா? இல்லை. வீடியோ கேம் செய்யும் இச்சிறு குழுவினரோ அதைத்தான் செய்கிறார்கள்.

ஓர் உண்மைக் கதையைச் சொல்கிறேன். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 'யாட் கிளப் கேம்ஸ்' என்றொரு சிறு குழு. 2013-ஆம் ஆண்டு 'ஷவல் நைட்' என்ற விளையாட்டைச் செய்யப் பொதுமக்களிடம் கிக்ஸ்டார்ட்டர் என்ற இணையதளம் வழியாகப் பணம் திரட்டினார்கள். வாளுக்குப் பதில் மண்வெட்டி ஏந்திய ஒரு வீரனின் கதை அது. கேட்டது 75,000 டாலர். கிடைத்ததோ 3,11,000 டாலருக்கும் மேல். மகிழ்ச்சி மிகுதியில், "கதையில் வரும் பகை வீரர் மூவருக்கும் தனித்தனிக் கதை செய்து தருவோம், நண்பர்கள் கூடிப் பொருதும் ஒரு பகுதியும் செய்வோம்" என்று வாக்குக் கொடுத்தார்கள்.

2014 ஜூனில் விளையாட்டு வெளிவந்தது. விலை சுமார் 15 டாலர். திரட்டிய பணம் அதற்கு முன்பே தீர்ந்துபோனதால், கடைசிச் சில மாதங்கள் சம்பளமின்றியே உழைத்தார்களாம். அதன் பிறகும் வாக்கை மறக்கவில்லை. 2015-இல் ஒரு கதை, 2017-இல் இன்னொரு கதை, 2019 டிசம்பரில் மூன்றாவது கதையும் போர்ப் பகுதியும் வெளிவந்தன. முன்பே வாங்கியவர்களுக்கு எல்லாமே இலவசம். சொன்ன சொல்லைக் காப்பாற்ற ஆறு ஆண்டுகள் ஆயின!

ஆனால் புதிதாக வாங்குவோருக்கு மொத்தத் தொகுப்பின் விலை 2017-இல் சுமார் 25 டாலராகவும், 2019-இல் சுமார் 40 டாலராகவும் உயர்ந்தது. சிறிது கணக்குப் போடுவோம். முதலில் வாங்கியவர் ஒரு பகுதிக்கு 15 டாலர் கொடுத்தார். கடைசியில் வாங்கியவர் ஐந்து பகுதிகளுக்கு 40 டாலர் கொடுத்தார். அதாவது பகுதி ஒன்றுக்கு 8 டாலர். விலை ஏறியது உண்மை. ஆனால் அந்த விலைக்குக் கிடைக்கும் பொருள் அதைவிட வேகமாக ஏறிவிட்டது. இதைக் கொள்ளை என்று எப்படிச் சொல்வது?

இனி, மறுப்புரைப்பவர்களின் வாதங்களையும் பார்ப்போம். அவற்றை மறைத்துவிட்டு வெற்றி கொண்டாடுவது நேர்மை ஆகாது.

முதல் வாதம்: "கணினி விளையாட்டைப் பிரதி எடுக்கச் செலவே இல்லையே! ஆயிரமாவது பிரதிக்குத் தாளா, மையா?" உண்மைதான். ஆனால் செலவு பிரதியில் இல்லை, உருவாக்குவதில் இருக்கிறது. ஓவியம் வரைபவர், இசை அமைப்பவர், கணினி நிரல் எழுதுபவர் ஆகியோர் ஆறு ஆண்டுகள் சாப்பிட வேண்டும். வீட்டு வாடகை கொடுக்க வேண்டும். மேலும், ஸ்டீம் என்ற பெரிய இணையக் கடை, விற்பனையில் வழக்கமாக நூற்றுக்கு 30 பங்கைத் தனக்கு எடுத்துக்கொள்கிறது. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்பார்கள். இங்கும் அதே கதைதான்.

இரண்டாம் வாதம்: "விலையை ஏற்றாமலே கொடுப்பவர்கள் இல்லையா?" இருக்கிறார்கள்! எரிக் பரோன் என்ற இளைஞர் நான்கரை ஆண்டுகளுக்கு மேல் தன்னந்தனியாக உழைத்து, 2016 பிப்ரவரியில் 'ஸ்டார்டியூ வேலி' என்ற விவசாய விளையாட்டை வெளியிட்டார். விலை சுமார் 15 டாலர். பின்னர் பலமுறை புதிய பகுதிகளைச் சேர்த்தார். 2024 மார்ச்சில்கூட ஒரு பெரிய சேர்க்கை வந்தது. அத்தனையும் இலவசம், கணினிப் பதிப்பின் விலையையும் ஏற்றவில்லை. அவரை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் அவரது விளையாட்டு 2024 இறுதிக்குள் 4 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றுவிட்டது. நிறைந்த களஞ்சியம் உடையவர் அள்ளிக் கொடுக்கிறார்; அது பெருந்தன்மை. ஒருவரின் பெருந்தன்மையை எடுத்து, குறைவாக விற்ற மற்றவர் தலைமேல் சட்டமாக வைப்பது முறையா? எல்லோரிடமும் அதை எதிர்பார்த்தால், புதிய பகுதிகளைச் சேர்க்கும் வழக்கமே நின்றுபோகும்.

மூன்றாம் வாதமே வலுவானது. அது என் அண்ணனின் வாதமுங்கூட. "புதிய பகுதிகளை நான் கேட்டேனா? எனக்குப் பழைய விளையாட்டே போதும். அதைப் பழைய விலைக்குக் கொடு!" இதற்கு என்ன பதில் சொல்வது? நெடுநேரம் யோசித்தேன். இதில் நியாயம் இருக்கிறது என்றே எனக்குப் படுகிறது. கட்டாயப்படுத்திக் கையில் திணித்துவிட்டு விலை கேட்பதைப் பரிசென்று சொல்ல முடியாது. ஷவல் நைட் குழுவினர் இதை உணர்ந்தார்கள் போலும். தொகுப்பாக மட்டுமன்றி, சில பகுதிகளைத் தனியாகவும் குறைந்த விலைக்கு விற்றார்கள். முடிகிறபோதெல்லாம் இந்த வழியைத் திறந்து வைப்பதே நல்லது.

முன்னே வாங்கியவருக்கு மட்டும் ஏன் குறைந்த விலை என்றும் சிலர் கேட்கலாம். 'மைன்கிராஃப்ட்' என்ற புகழ்பெற்ற விளையாட்டை எடுத்துக்கொள்வோம். சுவீடன் நாட்டில் பிறந்தது. முற்றுப்பெறாத ஆல்ஃபா நிலையில் 9.95 யூரோ, 2010 டிசம்பரில் பீட்டா நிலைக்கு வந்ததும் 14.95 யூரோ, 2011 நவம்பரில் முழுமை பெற்றபோது 19.95 யூரோ. படிக்குப் படி விலை ஏறியது. முதலில் வாங்கியவர் அரைகுறைப் பொருளை நம்பி வாங்கினார். செய்பவர் பாதியில் கைவிட்டிருந்தால் பணம் போனதுதான்! அந்தத் துணிச்சலுக்குக் கிடைத்த கூலியே குறைந்த விலை. முழுமையான பொருளைப் பார்த்து, சோதித்து, பிறர் சொல்வதையும் கேட்டுப் பின்னர் வாங்குபவருக்கு அந்த ஆபத்து இல்லை. ஆகவே சற்றுக் கூடுதலாகக் கொடுக்கிறார்.

செக் நாட்டுத் தலைநகர் பிராகில் செய்யப்பட்ட 'ஃபாக்டோரியோ' எனக்கு வேறொரு பாடம் கற்பித்தது. 2016-இல் ஸ்டீம் கடைக்கு வந்தபோது அதன் விலை 20 டாலர். பல பகுதிகள் சேர்ந்தபின் 2018 ஏப்ரலில் 30 டாலராக்கினார்கள். 2023 ஜனவரியில் 35 டாலர் ஆயிற்று. இரண்டாம் முறை அவர்கள் சொன்ன காரணம் புதிய பகுதிகள் அன்று. 2016-க்குப் பின் பணத்தின் மதிப்புக் குறைந்துவிட்டது என்று நேராகச் சொன்னார்கள். ஒரு வாரம் முன்னதாகவே சொன்னார்கள். பலர் முணுமுணுத்தார்கள். ஆயினும், சால்ஜாப்புச் சொல்லாமல் உள்ளதை உள்ளபடி சொன்ன நேர்மையை நான் மதிக்கிறேன். அவர்கள் தள்ளுபடி விற்பனையே நடத்துவதில்லை. ஆகவே, இன்று வாங்கியவர் நாளை பாதி விலையைப் பார்த்து வயிறெரிய வேண்டியதில்லை.

ஏனெனில், விலை ஏற்றத்தில் ஒரு கபடமும் உண்டு. இன்று விலையை ஏற்றி, நாளை "மாபெரும் தள்ளுபடி" என்று பழைய விலைக்கே விற்பது! துணிக்கடை வாசலில் நாம் எல்லோரும் பார்த்த வித்தைதான். இதைத் தடுக்கவே, விலையை ஏற்றிய 30 நாட்களுக்குள் தள்ளுபடி அறிவிக்கக் கூடாது என்று ஸ்டீம் கடை விதி வைத்திருக்கிறது. நல்ல விதி.

இவற்றையெல்லாம் சீர்தூக்கிப் பார்த்து நான் கண்ட முடிவு இது. பொருளைப் பெருக்கியவர் விலையை உயர்த்தலாம். அது உழைப்பின் உரிமை. ஆனால் அந்த உரிமைக்கு நான்கு கடமைகள் உண்டு. ஒன்று, முன்பே வாங்கியவரிடம் மீண்டும் கை நீட்டக் கூடாது. இரண்டு, சேர்த்துவிட்ட பகுதிக்கே விலை கேட்க வேண்டும். சேர்க்கப்போவதாகச் சொல்லும் கனவுக்கு விலை கேட்கக் கூடாது. மூன்று, உண்மைக் காரணத்தைச் சொல்ல வேண்டும். நான்கு, உயர்த்துமுன் நாள் குறித்து அறிவிக்க வேண்டும்.

நான்காவது கடமையை நான் கற்றது எந்தப் புத்தகத்திலும் அன்று, அண்ணனிடம். இக்கணக்கையெல்லாம் அவனுக்குப் போட்டுக் காட்டினேன். அவன் பொறுமையாகக் கேட்டான். பிறகு, "கணக்குச் சரிதான். ஆனால் ஒரு வாரம் முன்னால் சொல்லியிருந்தால், அம்மாவிடம் கடன் வாங்கியாவது பழைய விலைக்கு வாங்கியிருப்பேனே" என்றான்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. கை நிறையப் பணம் உள்ளவருக்கு விலையேற்றம் ஒரு செய்தி மட்டுமே. நாலணா எட்டணாவாகச் சேர்ப்பவனுக்கோ அது நான்கு மாதக் காத்திருப்பின் முகத்தில் சாத்திய கதவு. அவனைப் புண்படுத்தியது கூடிய விலையைவிட, அதைச் சொல்லாமல் செய்ததே. அக்குழு விலையை ஏற்றியதில் நியாயம் இருந்தது. ஆனால் ஏற்றிய விதத்தில் அன்பு இல்லை.

தோழியரே! நாளை நம்மிலும் சிலர் எழுதுவோம், வரைவோம், கணினியில் புதியன படைப்போம். நம் உழைப்புக்கு உரிய விலையைக் கூச்சமின்றிக் கேட்போம். கேட்குமுன், தூரத்தில் எங்கோ ஓர் உண்டியலில் காசு போட்டுக்கொண்டிருப்பவனையும் ஒரு கணம் நினைத்துக்கொள்வோம்.

அண்ணன் இப்போது மறுபடியும் சேர்க்கத் தொடங்கியிருக்கிறான். இந்த முறை உண்டியலில் என் பங்கும் இருக்கிறது!

— பத்தாம் வகுப்பு மாணவி