ரெண்டு டிஸ்க் மாட்டியாச்சு... டேட்டா பத்திரமா? வீட்டு சர்வர் வைப்பவர்கள் கவனிக்க!

கூகுள் போட்டோஸில் அளவில்லாமல் இலவசமாகப் படங்களைச் சேமிக்கும் வசதி 2021 ஜூன் 1-ம் தேதியோடு நின்றுபோனது. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து 15 ஜிபி. அதற்கு மேல் வேண்டுமென்றால் மாதாமாதம் காசு. ‘எத்தனை வருஷத்துக்கு இப்படியே கட்டிக்கிட்டு இருக்கிறது?’ என்று யோசிப்பவர்கள், வீட்டிலேயே ஒரு ஃபைல் சர்வர் வைக்கலாமா என்று பார்க்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால், ‘டிஸ்க்கை மிரர் பண்ணிட்டா போதும், எல்லாம் பத்திரம்’ என்ற நம்பிக்கையோடு இறங்கினால் சிக்கல்.

மிரரிங் என்றால் என்ன?

சர்வரில் இரண்டு ஹார்டு டிஸ்க் இருக்கும். ஒன்றில் எழுதப்படுவது எல்லாம் உடனுக்குடன் மற்றொன்றிலும் எழுதப்படும். இதற்கு ‘ரெய்டு 1’ என்று பெயர். 4 டிபி டிஸ்க் இரண்டு வாங்கினால், பயன்படுத்தக் கிடைப்பது 8 டிபி அல்ல, 4 டிபிதான். ஒரு டிஸ்க் பழுதானாலும் இன்னொன்றை வைத்து சர்வர் தொடர்ந்து ஓடும். புது டிஸ்க்கை மாட்டி இணைத்தால், எல்லாம் அதில் மறுபடி நகலாகிவிடும்.

டிஸ்க் விலையைத் தவிர பெரிய செலவும் இல்லை. மூலையில் கிடக்கும் பழைய டெஸ்க்டாப் போதும். ஓப்பன்மீடியாவால்ட், ட்ரூநாஸ் போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

எதிலிருந்து காப்பாற்றாது?

குழந்தையின் முதல் பிறந்தநாள் ஃபோல்டரை யாரோ தெரியாமல் டெலிட் செய்தால், அடுத்த நொடியே இரண்டு டிஸ்க்கிலும் அது இருக்காது. நல்லதோ கெட்டதோ, நடப்பதை அப்படியே நகலெடுப்பதுதான் மிரரின் வேலை.

2022 ஜனவரியில் ‘டெட்போல்ட்’ என்ற ரான்சம்வேர், இணையத்துக்குத் திறந்திருந்த கியூநாப் ஸ்டோரேஜ் கருவிகளைத் தாக்கியது. ஃபைல்களைப் பூட்டிவிட்டு, திறக்க 0.03 பிட்காயின் கேட்டது. இப்படி ஒரு தாக்குதலில் மிரர் செய்தவருக்கு மிஞ்சுவது, பூட்டப்பட்ட ஃபைலின் இரண்டு பிரதிகள்!

அடுத்தது தண்ணீர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது நினைவிருக்கும். ஒரே பெட்டியில் இருக்கும் இரண்டு டிஸ்க்கும் ஒன்றாகத்தான் நனையும். திருட்டுக்கும் தீ விபத்துக்கும் இதே கதைதான்.

அப்போ மிரர் வேண்டாமா?

டிஸ்க் பழுதான அன்றும் வேலை நிற்காமல் இருக்க மிரர் உதவும். அலுவலகத்துக்கு அது அவசியம். வீட்டுக்கு? போட்டோ பார்ப்பது இரண்டு நாள் தள்ளிப்போனால் ஒன்றும் குடி முழுகிவிடாது. ஆனால், போட்டோவே இல்லாமல் போனால் திரும்பக் கிடைக்காது.

அதனால், பட்ஜெட் இரண்டு டிஸ்க்குக்குத்தான் என்றால் மிரர் செய்யாமல் இருப்பதே புத்திசாலித்தனம். ஒன்றை சர்வரில் வையுங்கள். இன்னொன்றில் வாரம் ஒருமுறை பேக்கப் எடுத்து, கழற்றி, அக்கா வீட்டிலோ அலுவலக லாக்கரிலோ வையுங்கள். டிஸ்க் பழுதானால் கடைசி சில நாள் ஃபைல்கள் போகலாம். பத்து வருஷத்துப் படங்கள் போகாது. மூன்றாவது டிஸ்க்குக்குக் காசு இருந்தால், அப்போது மிரரையும் சேர்த்துக்கொள்ளலாம்.

புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ பிரபலமாக்கிய ‘3-2-1’ விதி சொல்வதும் இதைத்தான்: 3 பிரதிகள், 2 வகைச் சேமிப்பு, அதில் 1 வீட்டுக்கு வெளியே.

மறக்கக் கூடாதவை

* மிரரில் ஒரு டிஸ்க் பழுதானாலும் சர்வர் வழக்கம்போல ஓடும் என்பதால், யாருக்கும் தெரியாமலே போகலாம். பழுதானால் மெயில் வரும்படி செட்டிங்ஸில் மாற்றி, அது வருகிறதா என்றும் சோதியுங்கள்.
* கரன்ட் போனால் எழுதிக்கொண்டிருக்கும் ஃபைல் கெட்டுப்போகலாம். சின்ன யுபிஎஸ் ஒன்று அவசியம்.
* சர்வரை நேரடியாக இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். வெளியிலிருந்து பார்க்க விபிஎன் பயன்படுத்துங்கள்.
* பேக்கப்பிலிருந்து ஒரு ஃபைலையாவது மாதம் ஒருமுறை எடுத்துத் திறந்து பாருங்கள். 2017-ல் கிட்லேப் நிறுவனத்தில் ஓர் ஊழியர் தவறான சர்வரில் டேட்டாவை அழித்தார். அதன் பிறகுதான், வழக்கமான பேக்கப் ஓடவே இல்லை என்பது தெரியவந்தது. சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் கையால் எடுத்து வைத்திருந்த ஒரு நகல்தான் அந்த நிறுவனத்தைக் காப்பாற்றியது.