செலியமேட்டுக்கு நேர் கிழக்கே



புதுச்சேரியின் செலியமேட்டிலிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருக்கிறார். மகளிர் குழுத் தோழிகள் சேர்ந்து சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து, அந்தமான் போவதென்று முடிவு செய்துவிட்டார்களாம். ஐந்து நாளில் ஒன்பது இடங்கள் என்று பட்டியலும் போட்டாயிற்று. ஒன்றுகூட விட்டுப்போகாமல் பார்க்க வழி கேட்கிறார்.

முதலில் ஒரு சந்தோஷமான சங்கதி. வரைபடத்தில் செலியமேட்டின் மீது விரலை வைத்து நேர் கிழக்கே நகர்த்துங்கள். நரம்பை, பனித்திட்டுப் பக்கத்துக் கரையைத் தாண்டி, வங்கக் கடலில் சுமார் 1,400 கி.மீ. போனால் விரல் முட்டும் இடம் அந்தமான்தான். செலியமேடும் அந்தமானின் நீல் தீவும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. ஆனால் 13 பாகை கிழக்கே இருப்பதால் சூரியன் அங்கே நம்மைவிட ஐம்பது நிமிடம் முந்திக்கொள்கிறது. கடிகாரமோ இரண்டு ஊருக்கும் ஒன்றுதான். டிசம்பரில் மாலை 5 மணியை ஒட்டிப் பொழுது சாய்ந்துவிடும். ஆகவே, காலை பத்து மணிக்குக் கிளம்பி ஊர் சுற்றும் வழக்கம் அங்கே உதவாது.

அந்தமானைப் போலத் துண்டு துண்டாகக் கிடக்கும் நிலம் நமக்கொன்றும் புதிதல்ல. புதுச்சேரியில் பஸ் ஏறினால் தவளக்குப்பம் தாண்டியதும் ரெட்டிச்சாவடியில் தமிழ்நாடு குறுக்கிடும். கிருமாம்பாக்கத்தில் மறுபடி புதுச்சேரி வந்துவிடும். ஆனால் இங்கே ஒரு பஸ்ஸை விட்டால் பின்னாலேயே இன்னொன்று வரும். கடலில் அப்படியில்லை. காற்று வலுத்தால் படகு ரத்து. அன்றைக்கு அந்தத் தீவிலேயே தங்க வேண்டியதுதான். அதனால் முதலில் படகு நேரத்தைப் பார்த்து, அதற்குத் தக்கபடி இடங்களைப் பொறுக்குங்கள். பட்டியலைப் போட்டுவிட்டுப் படகைத் தேடினால் அலைச்சல்தான் மிஞ்சும்.

காலம்: சம்பா அறுவடை முடிந்து கை கொஞ்சம் ஓயும் மாசி, பங்குனி மாதங்கள் உங்களுக்கும் தோது, கடலுக்கும் தோது. பிள்ளைகளின் கோடை விடுமுறைக்காகக் காத்திருந்து மே கடைசியில் போனால், தென்மேற்குப் பருவமழை நமக்கு முன்பே அங்கே இறங்கியிருக்கும்.

போகும் வழி: சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டேகால் மணி நேரம். கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள். மாதத்தில் சில முறைதான் கப்பல் உண்டு, தேதியும் மாறும். ஐந்து நாள் லீவு போட்டவர்களுக்குக் கப்பல் சரிப்படாது.

இறங்கும் ஊர் ஸ்ரீ விஜயபுரம். 2024 வரை போர்ட் பிளேர். முதல் நாளைச் செல்லுலார் சிறைக்கு ஒதுக்குங்கள். 1896-இல் தொடங்கி 1906-இல் முடித்த கட்டடம். ஏழு சிறகுகளில் மூன்றுதான் இன்று நிற்கின்றன. ஒரு சிறகின் அறைவாசல் அடுத்த சிறகின் முதுகைத்தான் பார்க்கும். கைதிக்குக் கைதி முகம் தெரியக் கூடாது என்ற கணக்கு. கதவின் தாழ்ப்பாளைக் கவனியுங்கள். கம்பிக்கு வெளியே கையை எவ்வளவு நீட்டினாலும் எட்டாதபடி, சுவரில் தள்ளிக் குடைந்த மாடத்தில் அது போய்ப் பூட்டும்.

மறுநாள் காலைப் படகில் சுவராஜ் தீவு (பழைய ஹேவ்லாக்). தனியார் விரைவுப் படகு ஒன்றரை மணி நேரத்தில் சேர்க்கும். அரசுப் படகு மெல்லப் போகும், கட்டணம் குறைவு, இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். அங்கே இரண்டு இரவு தங்குங்கள். ராதாநகர் கடற்கரையில் ஒரு முழு மாலை உட்காரலாம். அங்கிருந்து ஷாகித் தீவு. நீலின் புதுப் பெயர் அது. பரத்பூர் கரையில் அடியில் கண்ணாடி பதித்த படகு உண்டு. நீச்சல் தெரியாதவர்களும் சேலை நனையாமல் பவளப்பாறையைப் பார்க்கலாம். லக்ஷ்மண்பூர் பக்கம் உள்ள பாறைப் பாலத்துக்குக் கடல் வற்றும் நேரம் கேட்டுப் போங்கள். கரையில் கிடக்கிறதே என்று பவளத்துண்டை எடுத்துப் பையில் போட்டுவிடாதீர்கள்; கொண்டுவரத் தடை இருக்கிறது.

கடைசி இரவு கட்டாயம் ஸ்ரீ விஜயபுரத்தில் இருக்கட்டும். விமானம் ஏறும் நாளன்று காலையில் படகை நம்பி வெளித்தீவில் இருப்பது வம்பு. நேரம் மிஞ்சினால் பழைய ராஸ் தீவுக்கு ஒரு நடை போய்வரலாம், படகில் சில நிமிடம்தான். ஒரு காலத்தில் ஆங்கிலேயர் தலைமையிடமாக இருந்த ஊர். இன்று மாளிகைச் சுவர்களை மரவேர்கள் கவ்விப் பிடித்திருக்கின்றன, இடிபாடுகளுக்கு நடுவே மான்கள் மேய்கின்றன.

பட்டியலில் பாராடாங் பெயரும் இருக்கிறது. சுண்ணாம்புக் குகை அழகுதான். ஆனால் சாலைவழி போனால் ஜாரவா பழங்குடியினரின் காட்டை ஊடுருவித்தான் போக வேண்டும். வண்டிகளை வரிசையாகத்தான் விடுவார்கள். நடுவில் நிற்கவோ படம் எடுக்கவோ கூடாது. சட்டம் வழிவிட்டாலும், அவர்கள் வீட்டு வாசல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டு போக எனக்கு மனமில்லை. அதை அடித்துவிடலாம் என்பது என் யோசனை. நிக்கோபார் தீவுகளுக்குச் சுற்றுலா அனுமதி இல்லை என்பதால் அதுவும் போகட்டும். பிரெஞ்சு பாஸ்போர்ட் உள்ள சொந்தக்காரர் யாராவது கூட வந்தால் அவர்களுக்கு விதிகள் வேறு, முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

மொழிக்குக் கவலை வேண்டாம். 2011 மக்கள்தொகைக் கணக்கில் வங்காளம், இந்திக்கு அடுத்து அங்கே அதிகம் பேர் பேசுவது தமிழ். சாப்பாட்டுக் கடையிலும் ஆட்டோவிலும் தாராளமாக நம் பேச்சையே பேசிப் பாருங்கள்.

ஒன்பது இடம் நாலாகக் குறைந்ததில் குழுவுக்குள் சண்டை வந்தால் பழியை என் மேல் போடுங்கள். திரும்பி வந்ததும் ஒரு கடிதம் எழுதுங்கள்: விட்டுவிட்ட ஐந்து இடங்களுக்காக வருத்தப்பட்டீர்களா, இல்லையா? மறைக்காமல் சொன்னால் அடுத்துப் போகிறவர்களுக்கு உதவும்.

அன்புடன்,
ஆசிரியர்