மியூவான் ஏமாற்றிவிட்டதா?

2021 ஏப்ரலில் ஃபெர்மிலேப் ஆய்வகம் ஒரு எண்ணை வெளியிட்டபோது, இயற்பியல் விதியே உடைந்துவிட்டது என்கிற அளவுக்குப் பேச்சு கிளம்பியது. 2025 ஜூனில் அதே சோதனையின் இறுதி முடிவு வந்தது. இந்த முறை, "அவ்வளவுதானா, புஸ்வாணமா?" என்ற சலிப்பு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

முதலில் விஷயம் என்னவென்று பார்ப்போம். மியூவான் என்பது எலக்ட்ரானின் அண்ணன் மாதிரி. எடை சுமார் 207 மடங்கு. ஒரு குட்டிக் காந்தம். அதன் காந்த வலிமையைச் சொல்லும் g என்ற எண் 2 ஆக இருக்க வேண்டும் என்கிறது டிராக்கின் சமன்பாடு. ஆனால் வெற்றிடம் உண்மையில் காலி இல்லை. அதில் தோன்றி மறையும் துகள்களால் g ஒரு துளி கூடுகிறது. அந்தத் துளியைக் கணக்குப் போட்டும் சொல்லலாம், அளந்தும் பார்க்கலாம். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், நமக்குத் தெரியாத துகள் ஏதோ இருக்கலாம்.

ப்ரூக்ஹேவன் ஆய்வகம் 2001-லேயே வித்தியாசத்தைக் கண்டது. அங்கிருந்த சுமார் 15 மீட்டர் அகலக் காந்த வளையத்தை 2013-ல் படகிலும் லாரியிலும் ஏற்றி, சிகாகோ அருகே உள்ள ஃபெர்மிலேபுக்குக் கொண்டுபோய் மறுபடி அளந்தார்கள். கடிகாரத்தின் சரியான வேகத்தை ஆய்வாளர்களுக்கே சொல்லாமல் மறைத்து வைத்தார்கள். கணக்கு முடிந்த பிறகுதான் அது வெளியே வந்தது. "இந்த விடை வந்தால் நல்லது" என்ற ஆசை உள்ளே நுழைந்துவிடக் கூடாதல்லவா! கடைசியில் கிடைத்த துல்லியம், 100 கோடியில் 127 பங்கு. ப்ரூக்ஹேவன் எண் கிட்டத்தட்ட அசையவே இல்லை.

அசைந்தது கணக்குதான். 2020-ல் வந்த கணிப்பு, எலக்ட்ரான்-பாசிட்ரான் மோதல் தரவுகளை நம்பியது. 2021-ல் புடாபெஸ்ட்-மார்செய்-வுப்பர்டால் குழு சூப்பர் கம்ப்யூட்டரில் நேரடியாகக் கணக்கிட்டு, அளவீட்டுக்குப் பக்கத்தில் வந்தது. 2025 கணிப்பு இந்த முறையையே எடுத்துக்கொண்டது. இடைவெளி மறைந்தது.

அப்படியானால் பழைய மோதல் தரவுகள் ஏன் வேறு விடை தந்தன? 2023-ல் நோவோசிபிர்ஸ்கிலிருந்து வெளியான புதிய தரவோ பழையவற்றோடு ஒத்துப்போகவில்லை. இதற்கு இன்னும் விளக்கம் இல்லை. தவிர, கணிப்பில் உள்ள நிச்சயமின்மை அளவீட்டில் உள்ளதைப்போல் சுமார் 4 மடங்கு. புதிய துகள் இருந்தாலும் அதற்குள் ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறது.

விதியை உடைத்தால்தான் ஒரு சோதனை ஜெயித்தது என்று நினைத்தால், ஆய்வாளர்களும் உடைக்கும் ஆசையோடுதான் அளப்பார்கள். அந்த ஆசையைப் பூட்டி வைத்துப் பல வருடம் உழைத்து, ஆட்டம் காணாத ஒரு எண்ணைத் தந்திருக்கிறார்கள். இனி எந்தக் கணிப்பு வந்தாலும் இந்த எண்ணுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இதைப் போய் தோல்வி என்று எப்படிச் சொல்வது?