வரைபடக் கோப்பும் சரக்குப் பொறுப்பும்

1928-ம் வருஷத்தில் ஸ்காத்லாந்திலுள்ள பெய்ஸ்லி நகரில் ஒரு மாது, தன் தோழி வாங்கிக் கொடுத்த இஞ்சி பீரைப் பருகினாள். புட்டிக்குள் அழுகிய நத்தை கிடந்ததென்று வழக்குத் தொடுத்தாள். விலை கொடுத்து வாங்கியவள் அவளல்ல. எனினும், சரக்கைச் செய்தவன் அதைக் கடைசியில் உபயோகிப்பவரிடம் ஜாக்கிரதையாக நடக்கக் கடமைப்பட்டவன் என்று 1932-ல் பிரபுக்கள் சபை தீர்மானித்தது. அந்த நியாயம் பயன்பட வேண்டுமானால், சரக்கைச் செய்தவன் இன்னானென்று தெரிய வேண்டும். முப்பரிமாண அச்சு யந்திரமோ அந்த அஸ்திவாரத்தையே அசைத்துவிட்டது.

ஓர் உதாரணம் கூறுவோம். ஸைக்கிள் பிரேக்கின் கைப்பிடிக்கு ஒருவர் கம்ப்யூட்டரில் வரைபடக் கோப்பு தயாரித்து இன்டர்நெட் மூலம் விற்கிறார். வேறொருவர் செய்த யந்திரத்தில், மற்றொருவர் விற்ற பிளாஸ்டிக் இழையைக் கொண்டு, சிறு பட்டறைக்காரர் ஒருவர் அதை அச்சிட்டுத் தருகிறார். வீதியில் பிடி ஒடிகிறது. பையனின் கை முறிகிறது. பிழை வரைபடத்திலா, யந்திரத்திலா, இழையிலா, அச்சிட்டவரிடமா?

நமது 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சரக்குப் பொறுப்புக்கெனத் தனி அத்தியாயமே வகுத்திருக்கிறது. ஆனால், சரக்கு என்றால் வாயு, திரவம், திடம் ஆகிய நிலைகளில் இருக்கக்கூடியது, வியாபாரத்துக்காக உற்பத்தியானது என்று அது இலக்கணம் கூறுகிறது. கோப்பு இம்மூன்றில் எதுவுமல்ல. ஆகவே, பிழையான வரைபடத்தை விற்றுப் பணம் பெற்றவர் தப்ப இடமுண்டு. கைக்கெட்டிய பட்டறைக்காரர் தலையிலேயே பாரம் விழும். வீட்டு உபயோகத்துக்காக வீட்டிலேயே அச்சிட்டதாயின், அடிபட்டவருக்கு இச்சட்டத்தில் புகலிடம் கிடைப்பதே சந்தேகம்.

ஐரோப்பிய யூனியன் தனது 1985-ம் வருஷத்து விதியை மாற்றி 2024-ல் புதிய விதி இயற்றியது. உற்பத்திக்கான டிஜிட்டல் கோப்பும் சரக்கே என்று அது ஐயத்துக்கிடமின்றிக் கூறுகிறது. 2026 டிசம்பர் 9-க்குப் பின் சந்தைக்கு வரும் சரக்குகளுக்கு அது பொருந்தும்.

யந்திரத்துக்கே லைசென்ஸ் விதிக்கலாமே என்பார் சிலர். அதை நாம் ஆதரிக்கவில்லை. சிறு தொழிலாளியின் கருவியை அதிகாரிகளின் தயவுக்கு விடலாகாது. கோப்பை இனாமாகப் பகிரும் மாணவனையும் வதைக்க வேண்டாம். விற்று லாபம் பெறுபவர் தமது வரைபடத்துக்கு ஜவாப்தாரியாகட்டும். அதுவே நாம் கோருவது. இதற்குப் பார்லிமெண்டு சரக்கின் இலக்கணத்தைச் சிறிது விரித்தாலே போதும். கை ஒடிந்த பையனின் தகப்பனார் நஷ்டஈடு தேடிக் கோர்ட்டுப் படியேறி வெறுங்கையோடு திரும்பிய பிறகு அதைச் செய்வது விவேகமாகாது.