பந்தயக்காரர் குதிகாலும் பாட்டாளி முழங்கையும்

விளையாட்டு வீரருக்கு மூட்டில் வலி என்றால் பத்திரிகைகள் பத்தி பத்தியாக எழுதுகின்றன. எந்த நிபுணர் பார்க்கிறார், எத்தனை வாரத்தில் மைதானத்துக்குத் திரும்புவார் என்பதெல்லாம் செய்தியாகிவிடுகிறது. மண்வெட்டி பிடித்துப் பிடித்து முழங்கை வலி கண்ட விவசாயத் தொழிலாளியைப் பற்றி ஒரு வரி உண்டா? இதைப் புலம்பலாக நாம் கேட்கவில்லை. வீரர்களை முன்வைத்து சென்ற முப்பது வருஷங்களாக நடந்துவரும் ஆராய்ச்சியில் பெரும்பகுதி நமக்கும் உதவக்கூடியது, காசு அதிகம் பிடிக்காதது. ஆனால் அது நம்மிடம் வந்து சேரவில்லை. அதனால்தான் எழுதுகிறோம்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். தோளிலோ முழங்கையிலோ குதிகாலுக்கு மேலோ வலி வந்தால் "நரம்பு பிசகிவிட்டது" என்கிறோம். பெரும்பாலும் அது நரம்பே அல்ல. தசையை எலும்போடு கட்டிவைத்திருக்கும் கயிறு ஒன்று இருக்கிறது; அதற்குத் தசைநாண் என்று பெயர். தசை இழுக்கிற இழுப்பையெல்லாம் எலும்புக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது இதுதான். ஒரே மாதிரியான இழுப்பு நாள் முழுவதும், வருஷம் முழுவதும் விழுந்தால் கயிற்றின் உள் இழைகள் சீர்குலைகின்றன. வலி அங்கேதான்.

இந்தக் கயிறு ஏன் சீக்கிரம் ஆறுவதில்லை? இதற்கு விடை கிடைத்த விதம் விசித்திரமானது. 1955 முதல் 1963 வரை வல்லரசுகள் ஆகாயத்தில் வெடித்துப் பார்த்த அணுகுண்டுகளால் காற்றில் கதிரியக்கக் கரி பெருகியது. அது பயிரில் ஏறி, உணவில் ஏறி, உலகத்து ஜனங்கள் அனைவருடைய உடம்பிலும் ஏறியது. எந்த வருஷத்தில் எவ்வளவு ஏறியது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. எனவே உடம்பின் ஒரு பாகம் எந்த வருஷத்தில் உருவானது என்பதை அந்தக் கரியை அளந்தே சொல்லிவிடலாம். டென்மார்க் விஞ்ஞானிகள் இறந்தவர்களின் குதிகால் நாண்களை இப்படி அளந்து 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். நாணின் நடுப்பகுதி ஏறக்குறைய 17 வயதுக்குள் உருவாகி முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அது புதுப்பிக்கப்படுவதே இல்லை என்று தெரியவந்தது. தோல் புதிதாகிறது, தசையும் எலும்பும் புதிதாகின்றன. இந்தக் கயிற்றின் நடு இழை மட்டும் ஆயுள் முழுவதற்கும் ஒன்றுதான். மனித குலத்தைப் பயமுறுத்த வெடித்த குண்டிலிருந்து இந்த ஒரு உபயோகமாவது கிடைத்ததே!

அப்படியானால் கெட்டது கெட்டதுதானா? இல்லை. ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் ஜில் குக் குழுவினர் இதற்கு நடுவில் ஓட்டையுள்ள அவர்கள் ஊர்ப் பலகாரம் ஒன்றை உவமை சொல்வார்கள். நமக்கு மெதுவடை என்று வைத்துக்கொள்வோம். ஓட்டையை அடைக்கப் பார்ப்பது வீண். சுற்றியுள்ள வடையைக் கெட்டிப்படுத்து என்பது அவர்கள் வாதம். நல்ல இழைகளைக் கெட்டிப்படுத்துவது எது? பாரம்தான். அளவாக ஆரம்பித்து, வாரத்துக்கு வாரம் ஏறுகிற பாரம்.

இந்தப் பாதையைப் பிரபலமாக்கியவர் ஸ்வீடனில் ஊமியோ நகரத்து எலும்பு வைத்தியர் ஹோகன் ஆல்பிரட்சன். அவருடைய கதை தொழிலாளிகளுக்குச் சிரிப்பைத் தரும். அவருக்கே குதிகால் நாணில் தீராத வலி. ஆபரேஷன் செய்துகொள்ள விரும்பினார். மேலதிகாரியோ, அத்தனை நாள் உம்மை விட்டுவிட்டு ஆஸ்பத்திரியை நடத்த முடியாது என்று கையை விரித்துவிட்டார். வைத்தியருக்கே லீவு கிடைக்கவில்லை! நாண் அறுந்தே போனால் ஆபரேஷன் செய்துதானே ஆகவேண்டும் என்று கணக்குப் போட்டு, வலித்த காலின் மேலேயே பாரத்தை ஏற்றி ஏற்றிப் பயிற்சி செய்தார். நாண் அறுகவில்லை, வலிதான் போயிற்று. பிறகு ஆபரேஷனுக்குக் காத்திருந்த 15 ஓட்டக்காரர்களுக்கு அதே பயிற்சியைப் பன்னிரண்டு வாரம் கொடுத்தார். பதினைந்து பேரும் பழையபடி ஓடினார்கள். 1998-இல் அது வெளிவந்தது. (கனடாவில் ஸ்டானிஷ் என்பவர் 1980-களிலேயே இதே வழியில் போயிருக்கிறார், பெயர் மட்டும் ஸ்வீடன்காரருக்குப் போயிற்று.)

பயிற்சி இதுதான். படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி நின்று, நல்ல காலால் எழும்ப வேண்டும். பிறகு உடம்புப் பாரத்தை வலிக்கிற காலுக்கு மாற்றி, குதிகாலை மெதுவாகப் படிக்குக் கீழே இறக்க வேண்டும். 15 தடவை வீதம் மூன்று சுற்று, முழங்காலை நீட்டி ஒரு முறை, சற்று மடக்கி ஒரு முறை, காலையும் மாலையும். ஒரு நாளைக்கு மொத்தம் 180 தடவை. பழகிய பிறகு முதுகில் பையை மாட்டி அதில் எடை சேர்ப்பார்கள். இவ்வளவும் வேண்டியதில்லை, வாரத்தில் மூன்று நாள் கனத்த பாரத்தை நிதானமாகத் தூக்கி இறக்கினாலும் அதே பலன் வருகிறது என்று 2015-இல் டென்மார்க்கில் 58 பேரை வைத்துக் காட்டினார்கள். வேலை முடிந்து களைத்து வருகிறவருக்கு இதுவே உகந்தது என்பது நம் அபிப்பிராயம்.

இனி ஊசிக்கு வருவோம். ஸ்டீராய்டு ஊசி போட்டால் முழங்கை வலி சீக்கிரம் அடங்குகிறது. பொய்யில்லை. ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரத்தில் 165 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு சாராருக்கு ஸ்டீராய்டும் இன்னொரு சாராருக்கு வெறும் உப்புத் தண்ணீரும் செலுத்தினார்கள். முதல் மாதத்தில் ஸ்டீராய்டு போட்டவர்கள்தான் முன்னால் நின்றார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது நிலைமை தலைகீழ். நன்றாகக் குணமடைந்தவர்கள் உப்புத் தண்ணீர்க்காரர்களில் நூற்றுக்கு 96, ஸ்டீராய்டுக்காரர்களில் 83. வலி திரும்பி வந்தது அங்கே நூற்றுக்கு 12 பேருக்கு, இங்கே 54 பேருக்கு! 2013-இல் வெளியான கணக்கு இது. விட்டுவிட்டால் வருஷத்துக்குள் பெரும்பாலும் தானே தணிகிற நோயை, ஊசி போட்டு இழுத்தடித்தார்கள் என்று பொருள்.

அதைவிட விலையுயர்ந்த ஊசி ஒன்றும் இருக்கிறது. நம் ரத்தத்தையே எடுத்து, யந்திரத்தில் சுழற்றி, தட்டணுக்களைத் திரட்டி வலித்த இடத்தில் செலுத்துவது. பி.ஆர்.பி. என்பார்கள். பெயர் பெற்ற வீரர்கள் போட்டுக்கொண்டதால் உலகமெங்கும் வியாபாரம் பெருகிற்று. 2021-இல் பிரிட்டனில் குதிகால் நாண் வலி கண்ட 240 பேரிடம் பரீட்சித்தார்கள். பாதிப் பேருக்கு நிஜ ஊசி, மற்றவர்களுக்குப் பாவனை ஊசி. ஆறு மாதம் கழித்து நூற்றுக்கு இவ்வளவு என்று மார்க்குப் போட்டபோது நிஜ ஊசிக்கு 54.4, பாவனை ஊசிக்கு 53.4. அதே வருஷம் ஆஸ்திரேலியாவில் முழங்கால் மூட்டுத் தேய்மானமுள்ள 288 பேரிடமும் அது உப்புத் தண்ணீரை வெல்லவில்லை. இதற்காகவா கடன் வாங்குவது?

ஒரு எச்சரிக்கை. நாண் முழுவதுமாக அறுந்துபோவது வேறு விஷயம். 'படார்' என்று சத்தம் கேட்டு, குதிகாலை ஊன்றித் தள்ள முடியாமல் போனால் படிக்கட்டுப் பயிற்சி உதவாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கேயும் கத்திதான் கதி என்பதில்லை. நார்வேயில் 526 பேரிடம் நடத்திய பரிசோதனை 2022-இல் வந்தது. ஆபரேஷன் செய்தவர்களும் செய்யாமல் கட்டுப்போட்டுப் பயிற்சி பெற்றவர்களும் ஒரு வருஷத்தில் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தார்கள். ஆனால் ஆபரேஷன் இல்லாதவர்களில் நூற்றுக்கு ஆறு பேருக்கு நாண் மறுபடி அறுந்தது. ஆபரேஷன் செய்தவர்களில் அது நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. கத்தி பட்டவர்களிலோ நரம்பு சேதமடைந்தவர்கள் அதிகம். இரண்டையும் சொல்லிக் கேட்பது நோயாளியின் உரிமை.

ஆக, மருந்து என்பது அளவான பாரமும் பன்னிரண்டு வாரமும். பாரத்துக்கு நம்மிடம் பஞ்சமில்லை. பன்னிரண்டு வாரத்தை யார் கொடுப்பது? ஓட்டக்காரர் தூரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். ரிங் பிரேமில் நிற்பவர் கதிர்களின் எண்ணிக்கையைத் தானாகக் குறைத்துக்கொள்ள முடியுமா? களத்துமேட்டில் பாதி மூட்டை தூக்கினால் முழுக்கூலி தருவார்களா? மறுநாள் வேலைக்குப் போயாக வேண்டும் என்பதால்தான் தொழிலாளி ஊசியைத் தேடிப் போகிறார். அறியாமை என்று அவரைக் கடிந்துகொள்கிற வைத்தியர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

பன்னிரண்டு வாரம் என்றால் 84 நாள். ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் நோய்க்கால உதவி வருஷத்துக்கு 91 நாள் வரை, கூலியில் நூற்றுக்கு 70. ஆலைத் தோழர்களுக்கு அவ்வளவாவது ஏட்டில் இருக்கிறது. வயலில் வேலை செய்கிறவருக்கு அதுவும் கிடையாது. உண்மையில் முழு லீவு கூட அவசியமில்லை. இழுப்பு குறைந்த மாற்று வேலையும், பயிற்சி சொல்லித்தர ஒரு இயன்முறை வைத்தியரும் போதும். வீடு தேடிப் போய் இந்தச் சிகிச்சையைத் தருவது 2021-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலேயே ஒரு அங்கம். நடவாத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது.

கூலி குறையாமல் பன்னிரண்டு வாரம் மாற்று வேலை என்று ஒரு வரியைச் சங்கங்கள் அடுத்த கோரிக்கை மனுவில் சேர்க்கலாம். சேர்க்கும்போது 'டென்னிஸ் முழங்கை' என்று மட்டும் எழுதிவிட வேண்டாம். டென்னிஸ் மட்டையைத் தொட்டே பாராதவர்களுக்குத்தான் அது அதிகம் வருகிறது. சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 2010-இல் திருத்திய தொழில்நோய்ப் பட்டியலில் அது வேறு விதமாக இடம் பெற்றிருக்கிறது: திரும்பத் திரும்பச் செய்யும் பலமான வேலையால் வரும் முழங்கை நோய். குந்தியும் மண்டியிட்டும் வெகுநேரம் வேலை செய்வதால் முழங்காலில் குருத்தெலும்பு கிழிவதும் அதே பட்டியலில் இருக்கிறது.