வாசம் எங்கே போச்சுங்க?

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு சிங்காநல்லூரில் எந்தத் தெருவில் நுழைந்தாலும், எந்த வீட்டில் பிரியாணி என்று மூக்கே சொல்லிவிடும். மசாலாவை விடுங்கள், அரிசியின் வாசத்துக்கு வருவோம். பாசுமதியிலும் தாய்லாந்து மல்லிகை அரிசியிலும் மணப்பது 2-அசிட்டைல்-1-பைரோலின் என்ற பொருள். ரம்பை இலையிலும் பாப்கார்னிலும்கூட அதேதான்.

வேடிக்கை என்னவென்றால், இந்த வாசமே ஒரு பழுதால் வருவது! நெல்லின் எட்டாவது குரோமோசோமில் பிஏடிஎச்2 என்றொரு மரபணு. அது ஒழுங்காக வேலை செய்தால், மணமாக வேண்டிய மூலப்பொருளை வேறொன்றாக மாற்றிவிடும். இந்த இரண்டு அரிசியிலும் அந்த மரபணுவில் 8 எழுத்துகள் விடுபட்டிருப்பதை 2005-ல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். மரபணு முடங்கியது, மணம் தங்கியது.

அந்தப் பழுது தாய், தந்தை இரண்டு பக்கமும் வந்தால்தான் அரிசி மணக்கும். சாதா நெல்லோடு கலந்தால் முதல் விதையில் வாசமே இருக்காது. "போச்சுங்க" என்று விட்டுவிடக் கூடாது. அதையே விதைத்தால், விளையும் மணிகளில் ஏறக்குறைய நாலில் ஒன்று மணக்கும்.

எது அந்த ஒன்று? கோவையில் 1912-லேயே நெல்லுக்கென ஆராய்ச்சி நிலையம் வந்துவிட்டது. ஆனாலும் நெல் ஆய்வாளர்கள் மணியைக் கடித்தும், இலையை ரசாயனத்தில் ஊறவைத்து முகர்ந்தும்தான் வெகுகாலம் தேடினார்கள். பத்து முறை முகர்ந்தால் மூக்கு மரத்துவிடும், பாவம்! இன்று நாற்றின் இலைத்துண்டு போதும்; டிஎன்ஏ சோதனை சொல்லிவிடுகிறது.

வீட்டுக்கு ஒரு சேதி: பழைய அரிசி உதிரியாக வேகும், ஆனால் இந்த மணம் காற்றோடு போகக்கூடியது, நாளாக ஆகக் குறையும். டப்பாவை இறுக மூடுங்கள்.